சொன்னதைக் கேட்பதும் கேள்வி கேட்பதும்

கிறிஸ்தவர்களாகிய நம்மிடையே 'கீழ்ப்படிதல்' என்ற சொல்லுக்கு உள்ள மரியாதை வேறு எந்தச் சொல்லுக்கும் கிடையாது. பிள்ளை பெற்றோருக்கு, மனைவி புருஷனுக்கு, விசுவாசிகள் சாமியாருக்கு, சாமியார் மேற்றிராணியாருக்கு, மேற்றிராணியார் ரோமாபுரிக்கு, குடிமக்கள் அரசாங்கத்துக்கு. வரிசைக்கு மேலே சர்வேசுரன் இருக்கிறார். ஆகவே யாருக்குக் கீழ்ப்படிந்தாலும் அது அவருக்கே போய்ச் சேரும் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தத் தபால் பெட்டியில் போட்டாலும் கடிதம் விலாசதாரருக்குப் போய்ச் சேர்வது மாதிரி.

எழுபதைத் தாண்டிய பிறகு எனக்கு அந்தத் தபால் பெட்டிக் கணக்கில் சந்தேகம் வந்துவிட்டது. சில பெட்டிகளில் போட்ட கடிதம் பெட்டியோடு நின்றுவிடுகிறது.

கீழ்ப்படிதல் புண்ணியம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடவுளை நம்புவதும், மேலே இருப்பவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் அந்தப் பாரம் எப்போதும் பலவீனமானவர் தோளில்தான் இறங்குகிறது. இதை இப்போது எழுதக் காரணம், இந்த ஆறு மாதத்தில் காதில் விழுந்த இரண்டு விஷயங்கள்.

ஒன்று: எனக்குத் தெரிந்த ஒரு பெண், கல்யாணமாகி நாலு வருஷம், கையில் தடிப்புகளோடு தாய் வீட்டுக்கு வந்தாள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "உன் சிலுவையைச் சும, அம்மா. புருஷனுக்கு அடங்கி நடக்கச் சொல்லிச் சின்னப்பரே எழுதியிருக்கிறார். சர்வேசுரன் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேசியவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை. தினம் ஜெபமாலை சொல்கிறவர்கள்.

இரண்டு: ஒரு பங்கில் திருவிழாக் கணக்கைப் படிக்கும்படி ஓர் இளைஞன் கேட்டான். திருட்டு என்று யாரையும் சொல்லவில்லை. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்றுதான் கேட்டான். "சாமியாரை எதிர்த்துப் பேசுகிறாயா? கோவில் காரியத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று அவன் வாயை அடைத்தார்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே இரண்டு வாசகம்தான். அடங்கிப் போ, கடவுள் பார்த்துக்கொள்வார். இவை உண்மையிலேயே நமது வேதத்தின் வாசகங்களா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் கலகக்காரன் இல்லை. முப்பத்தாறு வருஷம் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவன். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, 'பிரவே' முடித்து, எல்.டி.சி.யாக உள்ளே போய் சூப்பரின்டெண்டாக வெளியே வந்தேன். உத்தரவை வாங்குவதும், அதை நிறைவேற்றுவதும், இன்னொருவருக்கு உத்தரவை எடுத்து அனுப்புவதுமே என் பிழைப்பு. அதிகாரம் என்ற ஒன்று இல்லாவிட்டால் ரேஷன் கார்டும் கிடைக்காது, பென்ஷனும் வராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் ஆபீசில் கீழ்ப்படிதல் எப்படி நடக்கிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் சரியாக அறிய மாட்டார்கள். கோப்பில் முதலில் எழுதுகிறவன் குமாஸ்தா. விதி இப்படிச் சொல்கிறது, விண்ணப்பதாரருக்குத் தகுதி இருக்கிறது அல்லது இல்லை என்று தன் அபிப்பிராயத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவான். அதிகாரி ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் முடிவு எடுத்த பிறகு குமாஸ்தா அதை நிறைவேற்றுவான். வாயால் மட்டும் சொல்லி, "சும்மா போட்டு அனுப்பு" என்றால், "ஐயா, கோப்பில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள், செய்துவிடுகிறேன்" என்பான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பழைய தலைமைக் குமாஸ்தா முதல் வாரமே சொல்லித் தந்த பாடம் இது. அந்த ஒரு வரியைக் கேட்டவுடன் பாதி உத்தரவுகள் தாமாகவே மறைந்துபோகும். அப்படி மறைந்த பல உத்தரவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் அவமரியாதை எங்கே இருக்கிறது? குமாஸ்தா எழுந்து நின்றுதான் பேசுகிறான். 'ஐயா' என்றுதான் சொல்கிறான். ஆனாலும் தான் பார்த்ததைப் பார்க்காததுபோல எழுதுவதில்லை.

பிரெஞ்சில் கீழ்ப்படிதலுக்கு 'ஒபேயிர்' என்பார்கள். அந்த வினைச்சொல்லைப் பலகையில் எழுதிய எங்கள் ஆசிரியர், அதன் லத்தீன் வேர் 'காது கொடுத்துக் கேட்பது' என்று சொன்னார். எனக்கு அதில் ஆச்சரியம் தோன்றவில்லை. வீட்டில் என் ஆயா "சொன்ன பேச்சைக் கேளு" என்றுதான் அதட்டுவாள். நம் தமிழ் லத்தீனையும் தாண்டி ஒரு படி போகிறது. காதால் கேட்பதும் கேட்பதுதான், அடங்கி நடப்பதும் கேட்பதுதான், ஏன் என்று வினவுவதும் கேட்பதுதான். மூன்றுக்கும் ஒரே வினைச்சொல். முதல் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதை மட்டும் நாம் எப்போது தூக்கி எறிந்தோம்?

இனி வேதத்துக்கு வருவோம். அதிகாரத்துக்கு அடங்கு என்று சொல்ல விரும்புகிறவர்கள் எல்லோரும் எடுத்துக் காட்டுவது உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 13-ம் அதிகாரம். சின்னப்பர் எழுதியது. (இன்றைய பிள்ளைகளுக்குப் பவுல் என்றால்தான் புரியும், நம் வயதுக்காரர்களுக்கு அவர் சின்னப்பர்தான்.) ஆளும் அதிகாரம் கடவுளிடமிருந்தே வருகிறது, ஆகையால் எல்லோரும் அதற்குப் பணிய வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அரசாணையை முதல் வரியோடு மூடி வைக்கிற குமாஸ்தா உருப்பட மாட்டான். அதே பகுதியில் கொஞ்சம் கீழே, அதிகாரி கடவுளுடைய பணியாள் என்றும், உன் நன்மைக்காக வைக்கப்பட்டவர் என்றும் எழுதியிருக்கிறார். பணியாளுக்கு எஜமானர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு நோக்கம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த நோக்கத்துக்கு நேர் எதிராக அவர் நடந்தால் என்ன செய்வது என்பதற்குச் சின்னப்பரின் வாழ்க்கையே பதில்.

பிலிப்பி நகரத்தில் விசாரணை இல்லாமலே அவரை அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் அதிகாரிகள், சத்தமில்லாமல் போய்விடச் சொல் என்று ஆள் அனுப்பினார்கள். அவர் போகவில்லை. நான் ரோமைக் குடியுரிமை உள்ளவன், என்னை ஊரறிய அடித்தவர்கள் தாங்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். வந்தார்கள். அப்போஸ்தலர் பணி 16-ம் அதிகாரத்தில் இருக்கிறது. பிற்பாடு செசரேயாவில் நியாயம் கிடைக்காது என்று தெரிந்ததும் ரோமை மன்னருக்கே மேல்முறையீடு செய்தார். அடங்கு என்று எழுதிய அதே கைதான் மேல்முறையீடும் செய்தது.

இதைவிடப் பெரியது அந்தியோக்கியாவில் நடந்தது. யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இராயப்பர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகித் தனியாக உட்கார்ந்தார். இராயப்பர் யார்? திருச்சபையின் தலைவர், முதல் பாப்பு. அவரைச் சின்னப்பர் எல்லோர் முன்னிலையிலும் நேருக்கு நேர் கண்டித்தார். கலாத்தியர் நிருபம் 2-ம் அதிகாரத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். திருச்சபையின் முதல் பெரிய சச்சரவுகளில் ஒன்று தனிப்பந்தியைப் பற்றியது என்பதை நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால் நம் ஊர்ச் சரித்திரத்திலும் இதே சச்சரவு இருக்கிறது. மிஷன் வீதியில் இருக்கும் நம் சம்பா கோவிலுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? சேசுசபைச் சாமியார்கள் அங்கே கட்டிய பழைய கோவில் அர்ச். சின்னப்பர் பேரில் இருந்தது. அந்தப் பெயர்தான் நம் ஜனங்கள் வாயில் 'சம்பா' ஆயிற்று. அன்றைய கட்டடம் 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்தபோது போய்விட்டது. இப்போதுள்ளது 1791-ல் அர்ச்சிக்கப்பட்டது. அந்தப் பழைய கோவிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. பறையர் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், சாதிக் கிறிஸ்தவர்கள் மறுபக்கம். இந்த விவரத்தை எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. கிறிஸ்தவர் அல்ல, வெளியே நின்று பார்த்தவர். 1745-ல் அந்தச் சுவரைப் பார்த்த காரைக்கால் சாமியார் ஒருவர் அதைக் கேள்விக்கு உள்ளாக்க, ஒதுக்கப்பட்ட ஜனங்கள் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே என்று நியாயம் கேட்டார்கள். சுவர் எடுக்கப்பட்டது. சாதிக்காரர்கள் கொதித்தார்கள், கூட்டம் கூடினார்கள், சாமியாரோடு வாதாடினார்கள். கவர்னர் தரப்பிலிருந்து கூட்டம் கூடக் கூடாது என்று எச்சரிக்கை போகும் அளவுக்கு விஷயம் முற்றியது.

அந்த ஒரு சுவர் போனதோடு பிரிவினை ஒழிந்துவிடவில்லை. பல தலைமுறைக்கு வேறு வேறு வடிவத்தில் நீடித்தது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டங்களில் கூட அதன் மிச்சத்தைப் பார்க்கலாம். ஆனால் நான் சொல்ல வருவது வேறு.

இந்தக் கதையில் அதிகாரத்தை எதிர்த்தவர்கள் யார்? சாதிக்காரர்கள். சாமியார் சொல்லுக்குக் கட்டுப்பட மறுத்தவர்கள் அவர்கள்தான். எதிர்ப்பதெல்லாம் வீரம், அடங்குவதெல்லாம் கோழைத்தனம் என்று எழுதுகிற இன்றைய பாணி எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். கீழ்ப்படியாமையும் பாவமாக இருக்கலாம். அப்படியானால் எது சரியான அடக்கம், எது சரியான மறுப்பு என்று எதை வைத்து அளப்பது?

என் குமாஸ்தா புத்திக்கு ஓர் அளவுகோல்தான் தோன்றுகிறது. கட்டணம் யார் கட்டுகிறார் என்று பாருங்கள். சுவர் வேண்டும் என்றவர்கள் தங்கள் கௌரவத்துக்கான விலையை அடுத்தவர் தலையில் கட்டினார்கள். அடிபட்ட பெண்ணை அடங்கிப் போ என்றவர்கள், குடும்ப மானத்துக்கான விலையை அவள் முதுகில் கட்டினார்கள். கடவுளை நம்புகிறவன் விலையைத் தானே கட்டுவான். அடங்கினாலும் தானே கட்டுவான், மறுத்தாலும் தானே கட்டுவான்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சாட்சி ஆஸ்திரியா தேசத்து விவசாயி ஒருவர். பெயர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். 1907-ல் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தவர். வாலிபத்தில் அப்படி ஒன்றும் சந்நியாசி இல்லை. ஊரில் முதன்முதலில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர். 1936-ல் ஃபிரான்சிஸ்கா என்ற பெண்ணைக் கட்டி, தேனிலவுக்கு ரோமாபுரி போய் வந்தார். மூன்று பெண் குழந்தைகள். பங்குக் கோவிலில் கோவில்பிள்ளை வேலையும் பார்த்தார். அதாவது, நம் பங்கில் இருந்தால் நாம் 'நல்ல கீழ்ப்படிதலுள்ள பையன்' என்று சொல்லியிருக்கக் கூடியவர்.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டு, சம்மதமா என்று வாக்கெடுப்பு நடத்தினான். கிராமத்தில் 'இல்லை' என்று போட்டவர் அவர் ஒருவரே. பிறகு போர் வந்தது. நாஜிகளுக்காக ஆயுதம் தூக்குவது பாவம் என்று அவர் மனசாட்சி சொன்னது. தன் புத்தியை மட்டும் நம்பி அவர் முடிவு எடுக்கவில்லை. பங்குச் சாமியார்களைக் கேட்டார். லின்ஸ் நகரத்து மேற்றிராணியாரையே போய்ப் பார்த்தார். பதில் ஒரே மாதிரிதான் வந்தது: யுத்தம் நியாயமா என்று தீர்மானிப்பது உன் வேலை இல்லை, அது ஆள்வோர் பொறுப்பு, நீ குடும்பத்தைப் பார். உரோமையர் 13-ஐத்தான் அங்கேயும் சொன்னார்கள்.

1943 பிப்ரவரி மாதம் அழைப்பு வந்தபோது அவர் ஓடி ஒளியவில்லை. முகாமுக்குத் தானே போய், ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று சொன்னார். காயம்பட்டவர்களுக்கு உதவும் மருத்துவப் பணி கொடுத்தால் செய்கிறேன் என்றார். அதாவது எந்த வரி பாவமோ அந்த வரிக்கு மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார். மற்றபடி பணிய ஆயத்தமாக இருந்தார். கேட்பாரில்லை. லின்ஸில் சிறை, பிறகு பெர்லினில் சிறை. அங்கேதான் ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற சாமியார் ஒருவரும் ஹிட்லருக்குச் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்து முந்தின வருஷம் கொல்லப்பட்டார் என்று சிறைச் சாமியார் மூலம் தெரிந்துகொண்டார். தான் தனியாள் இல்லை என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். ஜூலை 6-ம் தேதி மரண தண்டனை விதித்தார்கள். ஆகஸ்ட் 9-ம் தேதி பிராண்டன்பர்க் சிறையில் தலையை வெட்டினார்கள். வயது 36. சின்னப்பரும் ரோமாபுரியில் தலை வெட்டுண்டுதான் மரித்தார் என்பது நம் பாரம்பரியம்.

"விலையைத் தானே கட்டினார் என்கிறீரே, பெண்டாட்டி பிள்ளைகள் கட்டவில்லையா?" என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டினார்கள். யுத்தத்துக்குப் பிறகும் ஊரில் பலர் ஃபிரான்சிஸ்காவையே பழித்தார்கள். விதவைப் பென்ஷன்கூடப் பல வருஷம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் அந்தப் பாரத்தை மனைவி தலையில் வைத்துவிட்டுப் போகவில்லை. மனைவி தானே தோள் கொடுத்தார். ஆரம்பத்தில் கணவரைத் தடுக்கப் பார்த்தார். பிறகு, நானும் கைவிட்டால் இவருக்கு யார் இருக்கிறார் என்று பக்கத்தில் நின்றார். ஒருவர் மனசார ஏற்கும் சிலுவைக்கும், மற்றவர் தூக்கி வைத்துவிட்டுக் கை தட்டிவிட்டுப் போகும் சிலுவைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அந்த மேற்றிராணியார் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஒரு தகப்பனின் உயிரைக் காப்பாற்றப் பார்த்தார் என்றும் சொல்லலாம். ஆனால் யுத்தம் முடிந்த பிறகும், 1946-ல், இந்த விவசாயியைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்டப் பத்திரிகையில் போட அவர் சம்மதிக்கவில்லை. திருச்சபை தன் தவற்றை உணரக் காலம் பிடித்தது. 2007 அக்டோபர் 26-ம் தேதி அதே லின்ஸ் பேராலயத்தில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்கள். ஃபிரான்சிஸ்கா 94 வயதில் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நூறு வயது பூர்த்தியான சில நாளில் கண் மூடினார்.

இந்த விவசாயிக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965-ல், மனசாட்சிக்காக ஆயுதம் ஏந்த மறுப்பவர்களைத் திருச்சபை பாதுகாக்க வேண்டும் என்று வாதாடி, யேகர்ஷ்டேட்டரை உதாரணம் காட்டியவர் தாமஸ் ராபர்ட்ஸ். சேசுசபைக்காரர், ஆங்கிலேயர், பம்பாயின் முன்னாள் பேராயர். அவ்வருஷம் டிசம்பரில் வெளியான சங்க ஏட்டில், அப்படி மறுப்பவர்களைச் சட்டங்கள் மனிதத் தன்மையோடு நடத்த வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றது.

இந்த ராபர்ட்ஸ் 1937-ல் பம்பாய்க்கு வந்தவர். இந்தியாவுக்கு சுதந்திரம் வரப்போகிறது, அந்தப் பீடத்தில் இந்தியர் ஒருவர் உட்கார வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வலேரியன் கிராசியாஸ் என்ற இந்தியரைத் துணை ஆயராக்கி, பொறுப்பை அவர் கையில் விட்டுவிட்டுத் தான் வெளியே போய்விட்டார். 1950-ல் முறைப்படி ராஜினாமா. கிராசியாஸ் பேராயரானார், பிறகு இந்தியாவின் முதல் கர்தினாலும் ஆனார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தெரிந்தவர்தான், அதிகாரத்தைக் கேள்வி கேட்ட விவசாயிக்காக சங்கத்தில் வாதாடினார். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கடவுளை நம்புகிற அதிகாரி தன் நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார். தான் போனாலும் காரியம் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். கேள்வி கேட்டால் அவருக்குக் கோபம் வராது.

இப்போது அந்தப் பெண்ணுக்கும் அந்த இளைஞனுக்கும் வருகிறேன்.

புருஷனுக்கு அடங்கு என்ற வாசகம் எபேசியர் நிருபம் 5-ம் அதிகாரத்தில் 22-ம் வசனம். அதற்கு முந்தின 21-ல் ஒருவருக்கொருவர் பணிந்து நடக்கச் சொல்லியிருக்கிறது. பிந்தின 25-ல், கிறிஸ்து திருச்சபைக்காகத் தன்னையே கையளித்ததுபோல் புருஷன் மனைவியை நேசிக்க வேண்டும் என்று இருக்கிறது. முன்னும் பின்னும் மறைத்துவிட்டு நடுவில் இருக்கும் ஒரு வரியை மட்டும் நகல் எடுத்துக் கொடுப்பது ஆபீசில் குற்றம். அது மட்டுமல்ல. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ம் விதி, துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ பெரிய ஆபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ நியாயம் உண்டு என்கிறது. நாட்டுச் சட்டத்தில் 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அந்தப் பெண் தாய் வீட்டில் தங்கினால் அவள் கடவுளையும் மீறவில்லை, திருச்சபையையும் மீறவில்லை, சர்க்காரையும் மீறவில்லை. மூன்று அதிகாரமும் அவள் பக்கம் இருக்க, கூடிப் பேசிய நாலு பேர் மட்டும் அவளை அடங்கு என்றார்கள்.

இளைஞன் விஷயமும் அப்படியே. விசுவாசிகள் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்கலாம், சில சமயம் அது கடமையும்கூட என்கிறது அதே தொகுப்பின் 212-ம் விதி. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537. விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287. கணக்குக் கேட்டவன் எதிர்ப்பாளன் இல்லை. சட்டப்படி நடக்கச் சொன்னவன். அவனைத்தான் உண்மையில் கீழ்ப்படிகிறவன் என்று சொல்ல வேண்டும்.

'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்ற வாசகத்தை நான் வெறுக்கவில்லை. என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அதைத் தவிர வேறு எதுவும் எனக்குப் பிடிமானமாக இருந்ததில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டுச் சொல்லும்போது அது ஜெபம். செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பதற்காக, அதுவும் இன்னொருவர் வலியைப் பார்த்துச் சொல்லும்போது, அது கையைக் கழுவுவது. கையைக் கழுவியவர் யார் என்று நமக்குத் தெரியும். அவரும் ஓர் அதிகாரிதான்.

நம் வயதுக்காரர்களுக்காக ஒரு வார்த்தை. நமக்கு அதிகாரம் எதுவும் இல்லை, ரிட்டையர் ஆகிவிட்டோம் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. குடும்பத்தில் ஒரு பஞ்சாயத்து என்றால் இன்னும் நம்மைத்தான் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். நாம் சொல்லும் 'அடங்கிப் போ' என்ற ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் நாற்பது வருஷம் தீர்மானமாகிவிடுகிறது. அதைச் சொல்லுமுன், இதன் விலையை நான் கட்டப்போகிறேனா அல்லது இவளா என்று ஒரு நிமிஷம் கேட்டுப் பார்ப்போம். இவள்தான் கட்டவேண்டும் என்றால், அடங்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. கதவைத் திறந்து, "உள்ளே வா, சாப்பிட்டாயா?" என்று கேட்க மட்டுமே உரிமை இருக்கிறது.